முன்னுரிமை வடிகட்டி: திரையில் தெரிவதும் தெரியாமல் போவதும்

பணி மேலாண்மை மென்பொருளில் ஒவ்வொரு வேலைக்கும் பெயர், பொறுப்பாளர், கடைசி தேதி, நிலை என்று சில விவரங்கள் பதிவாகின்றன. முன்னுரிமையும் அவற்றில் ஒன்று. உயர், நடு, குறை என்பது போன்ற ஒரு சிறு குறி அது. பெரும்பாலும் ஒரு வண்ணக் கொடியாகவோ அம்புக்குறியாகவோ வேலையின் பக்கத்தில் நிற்கும். இந்தக் குறி உள்ள வேலைகள் மட்டும் திரையில் தெரிந்தால் போதும், மற்றவை இப்போதைக்குக் கண்ணில் பட வேண்டாம் என்று மென்பொருளுக்குச் சொல்வதுதான் முன்னுரிமை வடிகட்டி. அலுவலகங்களில் இதை ஃபில்டர் என்றே சொல்கிறார்கள். இருபது வேலை உள்ளவருக்கு இது ஒரு வசதி. நானூறு வேலை உள்ள அலுவலகத்தால் இது இல்லாமல் ஒரு நாளைக்கூடத் தள்ள முடியாது.

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்றான அஸ்தம்பட்டியில், ரவுண்டானாவைச் சுற்றியுள்ள தெருக்களில் இயங்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் வாடிக்கையாளர்கள் ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்காரர், சிவதாபுரத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர், இளம்பிள்ளை சேலை வியாபாரி, சங்ககிரி லாரி உரிமையாளர், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுபவர் என்று பல தொழில்களில் இருப்பார்கள். மாதம் பிறந்ததும் தேதிகள் வரிசையாக வரும். 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும். 11க்குள் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 15க்குள் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., 20க்குள் வரியோடு தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-3பி. நூறு வாடிக்கையாளர் என்றாலே மாதம் முந்நூறு, நானூறு வேலைகள் பட்டியலில் ஏறிவிடும். இவை போக, வரித்துறை நோட்டீஸுக்குப் பதில், வங்கிக் கடனுக்கான ப்ராஜெக்ட் ரிப்போர்ட், புதிய பதிவு, பழைய கணக்கில் திருத்தம் என்று தேதி இல்லாத வேலைகளும் உண்டு. காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வரும் ஜூனியர் இந்தப் பட்டியலில் எதை முதலில் திறக்க வேண்டும் என்பதுதான் வடிகட்டி பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

இந்த வேலைக்கான மென்பொருள்களில் ஒன்று தமிழ்நாட்டிலேயே உருவானது. ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 2009இல் ஜோஹோ கார்ப்பரேஷன் ஆனது. அதன் ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ் 2006இல் வெளிவந்தது. இன்று அந்த நிறுவனம் சென்னையோடு தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்து இயங்குகிறது. ஜோஹோ ப்ராஜெக்ட்ஸில் ஒரு வேலைக்கு உயர், நடு, குறை, எதுவுமில்லை என்று நான்கு நிலைகளில் முன்னுரிமை தரலாம். வேறு மென்பொருள்களில் எண்ணிக்கையும் பெயரும் மாறும். அட்லாசியன் நிறுவனத்தின் ஜிராவில் மிக உயர் தொடங்கி மிகக் குறை வரை ஐந்து நிலைகள். டூடூயிஸ்ட்டில் பி1 முதல் பி4 வரை நான்கு. பி1 சிவப்பு, பி2 ஆரஞ்சு, பி3 நீலம், பி4க்கு நிறமே கிடையாது. மைக்ரோசாஃப்ட் பிளானரில் அவசரம், முக்கியம், நடுத்தரம், குறைவு. ட்ரெல்லோவில் முன்னுரிமை என்று தனியாக ஒன்று இல்லை, வண்ண லேபிளையே அதற்காகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் மட்டும் 0 முதல் 1000 வரை எந்த எண்ணையும் தரலாம். ஒரு வேலைக்கு 640, இன்னொன்றுக்கு 655 என்று யார் உட்கார்ந்து யோசிப்பார்கள்? மனிதர்கள் நிலையாகப் பிரித்துப் பார்க்கக் கூடியவை ஒரு சில படிகள்தான். அதற்கு மேல் படிகள் கூடினால் நேற்று 3 என்று போட்டவரே இன்று அதே வேலைக்கு 4 போடுவார்.

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பட்டியலை மாற்றும்போது இந்த எண்கள் தலைகீழாவதும் உண்டு. நாட்காட்டித் தகவல்களைப் பரிமாற 2009இல் வெளியான ஆர்எஃப்சி 5545 தரப்படி, முன்னுரிமை 1 என்றால் மிக உயர்ந்தது, 9 என்றால் மிகத் தாழ்ந்தது, 0 என்றால் சொல்லப்படவில்லை என்று பொருள். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் எண் பெரிதானால்தான் முன்னுரிமை கூடும். டூடூயிஸ்ட்டில் திரையில் பி1 என்று தெரியும் வேலை, நிரல் வழியாகத் தகவலை எடுக்கும்போது 4 என்று வரும். இதைச் சரிபார்க்காமல் பட்டியலை ஏற்றினால் தலைபோகிற வேலைகள் கடைசிக்குப் போய்விடும். மாற்றிய உடனே, நன்கு தெரிந்த ஐந்தாறு வேலைகளைத் திறந்து பார்த்துவிடுவதே பாதுகாப்பு.

நிலைகளின் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. புதிதாக ஒரு வேலையைச் சேர்த்து, முன்னுரிமையைத் தொடாமல் விட்டால் மென்பொருள் அதை எந்த நிலையில் வைக்கிறது? ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ் ‘எதுவுமில்லை’யில் வைக்கும். ஜிராவும் பிளானரும் வழக்கமாக நடுத்தரத்தில் வைக்கும். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் 500 என்று போடும். டூடூயிஸ்ட் கடைசி நிலையான பி4இல் வைக்கும். இதன் விளைவு பெரிது. ஜிராவில் நடுத்தரம் என்று தெரியும் ஒரு வேலையை யாராவது யோசித்து நடுத்தரம் என்று முடிவு செய்தார்களா, இல்லை யாருமே பார்க்கவில்லையா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. டூடூயிஸ்ட்டின் பி4க்கும் இதே சிக்கல். ‘எதுவுமில்லை’ என்று தனி நிலை தரும் மென்பொருளில், இன்னும் முடிவு செய்யப்படாதவற்றை மட்டும் ஒரு வடிகட்டியில் பார்த்துவிடலாம். இந்த விஷயத்தில் ஜோஹோவின் ஏற்பாடு மற்றவற்றைவிட மேலானது. அந்த வசதி இல்லாத இடங்களில், புதிதாக வரும் வேலைகளுக்கு ‘பார்க்கவில்லை’ என்ற லேபிளைத் தானாக ஒட்டும்படி செய்து, பார்த்து முடிவு செய்தபின் அதை நீக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம்.

வடிகட்டுதல், வரிசைப்படுத்துதல், தொகுத்தல் மூன்றையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. வடிகட்டினால் பொருந்தாத வேலைகள் திரையிலிருந்து போய்விடும். வரிசைப்படுத்தினால் எல்லாம் இருக்கும், உயர்ந்தவை மேலே ஏறும். தொகுத்தால் உயர், நடு, குறை என்று தனித்தனித் தலைப்புகளின் கீழ் பிரிந்து நிற்கும். நாள் முழுக்க வேலை செய்யும் ஜூனியருக்கு வடிகட்டிய பட்டியல் ஏற்றது. யாருக்கு எவ்வளவு சுமை என்று பார்க்க வேண்டிய ஆடிட்டருக்கு வடிகட்டிய பட்டியல் பாதிப் படம்தான். அவர் தொகுத்தே பார்க்க வேண்டும். உயர் என்ற சிவப்பில் ஆறு, நடுவில் நாற்பது, குறியே இல்லாமல் தொண்ணூறு என்று அங்கேதான் தெரியவரும்.

தனி மென்பொருள் வாங்காமல் எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ பட்டியல் வைத்திருக்கும் அலுவலகங்கள்தான் இன்னும் அதிகம். அதில் ஒன்றும் தவறில்லை. தலைப்பு வரிசையில் வடிகட்டியைப் போட்டுவிட்டால் சிறிய அலுவலகத்துக்கு அதுவே போதும். ஆனால் வரிசைப்படுத்தும்போது ஓர் இடறல் உண்டு. விரிதாளுக்கு உயர்வு, நடுத்தரம், குறைவு என்பவை வெறும் எழுத்துகள். அகர வரிசையில் அடுக்கினால் முதலில் உயர்வு, அடுத்து குறைவு, கடைசியில் நடுத்தரம் என்று வரும். ஆங்கிலத்தில் ஹை, லோ, மீடியம் என்று எழுதினாலும் நிலைமை அதேதான். கடைசியில் இருக்க வேண்டியது நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். 1-உயர், 2-நடு, 3-குறை என்று முன்னால் எண் போட்டு எழுதினால் சிக்கல் தீர்ந்தது. அந்த மூன்றைத் தவிர வேறு எதையும் தட்டச்சு செய்ய முடியாதபடி, தேர்வுப் பட்டியலாகக் கட்டி வைப்பதும் அவசியம். ஒருவர் ‘உயர்’ என்றும் இன்னொருவர் ‘உயர்வு’ என்றும் ஒரு இடைவெளி சேர்த்து மற்றொருவரும் எழுதினால், வடிகட்டிக்கு அவை மூன்று வெவ்வேறு சொற்கள். எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இரண்டும் சத்தமில்லாமல் மறைந்துவிடும்.

முன்னுரிமையை மட்டும் வைத்து வடிகட்டுவது தொடக்கம்தான். வேறு நிபந்தனைகளோடு சேரும்போதுதான் வடிகட்டி உண்மையில் உதவுகிறது. ஆடிட்டர் அலுவலகத்தில் 9ஆம் தேதி காலை ‘உயர்’ என்று மட்டும் வடிகட்டினால், 11க்கான ஜிஎஸ்டிஆர்-1 வேலைகளோடு, அடுத்த மாதம் பதில் சொல்ல வேண்டிய நோட்டீஸும் ஏற்கெனவே முடிந்துபோன வேலைகளும் சேர்ந்து வரும். உயர் முன்னுரிமை, இன்னும் முடியாதது, கடைசி தேதி மூன்று நாளுக்குள், பொறுப்பு இன்னார் என்று நான்கையும் சேர்த்தால் அந்த ஜூனியரின் அன்றைய வேலை கிடைத்துவிடும். டூடூயிஸ்ட்டில் இதை ஒரே வரியில் குறியீடுகளால் எழுதலாம். ஜிராவில் அதற்கென்றே ஜேக்யூஎல் என்ற வினவல் மொழி இருக்கிறது. நடுத்தரத்துக்கு மேற்பட்டவை எல்லாம் வேண்டும் என்றுகூட அதில் கேட்கலாம். ஜோஹோ போன்றவற்றில் பெட்டிகளில் தேர்ந்தெடுத்தால் போதும்.

நிபந்தனைகளைச் சேர்க்கும்போது ‘மற்றும்’, ‘அல்லது’ இரண்டையும் கவனமாகக் கையாள வேண்டும். ‘உயர் முன்னுரிமை அல்லது இன்று கடைசி தேதி, மற்றும் பொறுப்பு நான்’ என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால், பெரும்பாலான மென்பொருள்கள் ‘மற்றும்’ என்பதை முதலில் சேர்த்துப் படிக்கும். கிடைப்பது அலுவலகத்தில் எல்லோருடைய உயர் முன்னுரிமை வேலைகளும், அவற்றோடு இன்று முடிக்க வேண்டிய சொந்த வேலைகளும். முதல் இரண்டையும் அடைப்புக்குறிக்குள் வைத்தால்தான் நினைத்தது கிடைக்கும். காலம் கடந்த வேலைகளும் அடிக்கடி தவறிவிடும். ‘கடைசி தேதி இன்று’ என்ற நிபந்தனையில் நேற்றே முடிந்திருக்க வேண்டிய வேலை வராது. ஒரு நாள் தவறிய உடனே பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடும் வேலைகளுக்கு இதுதான் காரணம். ‘இன்று அல்லது அதற்கு முன்’ என்று எழுதுவதே சரி.

இவ்வளவு நிபந்தனை போட்டாலும், மூலத்தில் குறி தவறாக இருந்தால் பயனில்லை. கடைசி தேதி அருகில் இருப்பதும் வேலை முக்கியமாக இருப்பதும் வேறு வேறு. அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1954இல் எவன்ஸ்டன் நகரில் பேசும்போது, அவசரமானவை, முக்கியமானவை என்று சிக்கல்கள் இரண்டு வகை என்ற ஒரு முன்னாள் கல்லூரித் தலைவரின் கருத்தை எடுத்துச் சொன்னார். ஸ்டீபன் கவி 1989இல் வெளியிட்ட நூலில் அது நான்கு கட்டப் பட்டியலாக வடிவம் பெற்று உலகம் முழுக்கப் பரவியது. அலுவலக நடைமுறையில் அந்த நான்கு கட்டத்தைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு: இந்த வேலை தவறினால் யாருக்கு என்ன இழப்பு, அதைப் பின்னால் சரிசெய்ய முடியுமா?

அந்தக் கேள்வியை ஜிஎஸ்டி வேலைகளில் பொருத்திப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். வரி எதுவும் கட்ட வேண்டியிராத ஒருவருடைய 3பி ஒரு நாள் தாமதமானால் தாமதக் கட்டணம் 20 ரூபாய். வரி உள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய். அதோடு கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பெரிய ஜவ்வரிசி ஆலைக்கு இந்த வட்டி கணிசமான தொகையாகிவிடும். ஜிஎஸ்டிஆர்-1 தாமதமானால் பாதிப்பு வாடிக்கையாளரோடு நிற்பதில்லை. அவரிடம் சரக்கு வாங்கியவருக்கு 14ஆம் தேதி உருவாகும் 2பி அறிக்கையில் அந்த பில் வராது; அந்த மாதம் அவர் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. வாங்கியவர் பணத்தை நிறுத்தி வைப்பார், அடுத்த ஆர்டரையே வேறு கடைக்குக் கொடுத்தாலும் கொடுப்பார். ஆக, ஒரே 11ஆம் தேதியைக் கொண்ட நூறு வேலைகளில், பிற நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்பவருடையது உயர். நேரடியாக மக்களுக்கு விற்கும் கடைக்காரருடையது நடு. தேதியை மட்டும் பார்க்கும் பட்டியலில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

இப்படி ஒரு விதியை எழுதி வைக்காத இடத்தில், குரல் உயர்த்துபவரின் வேலையே சிவப்பாகிறது. “அர்ஜென்ட்டுங்க, இன்னைக்கே முடிச்சுக் குடுத்துருங்க” என்று தொலைபேசியில் சொல்லாத வாடிக்கையாளர் யார்? அவர் சொல்வது பொய்யும் இல்லை. அவருக்கு அது அவசரம்தான். ஒவ்வொன்றையும் அப்படியே உயர் என்று குறித்துக்கொண்டே போனால் இரண்டே மாதத்தில் பட்டியலில் பாதிக்கு மேல் சிவப்பாகிவிடும். ஜவ்வரிசி ஆலையில் சல்லடையின் கண் பெரிதானால் எல்லா அளவு மணியும் ஒன்றாக விழும். ‘உயர்’ என்ற குறி மலிந்தால் வடிகட்டிக்கும் அந்த நிலைதான். எந்த நேரத்திலும் ஒருவர் பெயரில் சிவப்பு ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது, ஆறாவது வந்தால் ஒன்றை இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று வரம்பு வைத்துக்கொள்ளும் குழுக்களில் வடிகட்டி ஆண்டுக்கணக்கில் பயன் தருகிறது.

குரலை நம்பாமல் நிலையைப் பார்த்து முன்னுரிமை தருவதற்கு மருத்துவமனை அவசரப் பிரிவைவிட நல்ல முன்னோடி கிடையாது. போர்க்களத்தில் காயமுற்றவர்களைப் பதவி பார்க்காமல், காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசைப்படுத்தும் முறையை நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் உருவான மான்செஸ்டர் முறையில் ஐந்து நிறங்கள்; சிவப்புக்கு உடனே, ஆரஞ்சுக்கு 10 நிமிடம், மஞ்சளுக்கு 60, பச்சைக்கு 120, நீலத்துக்கு 240 என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருக்கக் கூடிய நேரம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ் வருபவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து அனுப்புகிறார்கள். சத்தம் போட்டு அழுபவரைவிட, பேச்சே வராமல் கிடப்பவர் முதலில் உள்ளே போவார். எந்த நிறம் என்று முடிவு செய்வது பயிற்சி பெற்ற பணியாளர். நோயாளியோ கூட வந்தவரோ அல்ல. அலுவலக மென்பொருளிலும் முன்னுரிமையை மாற்றும் உரிமையை ஓரிருவரிடம் மட்டும் வைப்பது இந்தக் காரணத்தால்தான்.

வாடிக்கையாளர் சேவை மென்பொருள்கள் இதே முறையைப் பின்பற்றுகின்றன. ஜோஹோவில் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கிய நிறுவனத்தின் ஃப்ரெஷ்டெஸ்க்கில் குறை, நடு, உயர், அவசரம் என்று நான்கு நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை மணி நேரத்தில் முதல் பதில், எத்தனை மணி நேரத்தில் தீர்வு என்று நிர்ணயித்து வைக்கலாம். முன்னுரிமைக்கு ஒரு கால வாக்குறுதி சேர்ந்துவிட்டால் அதற்கு எடை கூடிவிடுகிறது. எல்லாவற்றையும் அவசரம் என்று போட்டால் எதையும் சொன்ன நேரத்தில் தர முடியாது என்று மறுநாளே தெரிந்துவிடும். பிழைகளைப் பதியும் பக்ஸில்லா போன்ற மென்பொருள்கள் இன்னும் ஒரு படி போய், பிழையின் கடுமையையும் முன்னுரிமையையும் இரண்டு தனிக் கட்டங்களாக வைத்திருக்கின்றன. கடுமையானதே ஆனாலும் ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் பிழை காத்திருக்கலாம். முகப்புப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரையே தவறாக அச்சிட்ட பிழை தொழில்நுட்பத்தில் அற்பம், ஆனால் உடனே திருத்தியாக வேண்டும்.

வேலைகளைத் தாண்டி, திட்டங்களையும் முன்னுரிமைப்படி வடிகட்ட வேண்டியிருக்கும். ஆடிட்டர் அலுவலகத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் ஒரு திட்டமாக வைத்தால், அதற்குள் மாதாந்திர வேலைகள் அடங்கும். பல மென்பொருள்களில் வேலைக்கு முன்னுரிமைக் கட்டம் தயாராக இருக்கும், திட்டத்துக்கு இருக்காது. கூடுதல் கட்டமாக ஒன்றை அலுவலகமே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆசனாவில் வேலைக்குக்கூட அப்படித்தான் சேர்க்க வேண்டும். இரண்டு அடுக்கிலும் குறி வந்தபின் ஒரு குழப்பம் எழும். உயர் முன்னுரிமைத் திட்டத்துக்குள் இருக்கும் குறை முன்னுரிமை வேலை பெரிதா, குறை முன்னுரிமைத் திட்டத்துக்குள் இருக்கும் உயர் முன்னுரிமை வேலை பெரிதா? மென்பொருள் இதற்குத் தானாகப் பதில் சொல்லாது, திட்டத்தின் குறியும் வேலைக்குத் தானாக இறங்கி வராது. திட்டத்தின் முன்னுரிமையை ஆட்களை ஒதுக்கவும், வேலையின் முன்னுரிமையை அன்றன்று எதை எடுப்பது என்று தீர்மானிக்கவும் வைத்துக்கொள்வதே குழப்பம் இல்லாத வழி. எந்த வாடிக்கையாளருக்கு அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்பதை மாதத் தொடக்கத்தில் திட்ட வடிகட்டியைக் கொண்டு ஆடிட்டர் முடிவு செய்கிறார். அதன்பின் காலைதோறும் ஜூனியர் பார்ப்பது வேலை வடிகட்டியை மட்டும்தான். சிறிய கொலுசுப் பட்டறைக்காரருக்கு நோட்டீஸ் வந்து பதில் சொல்ல நாளை கடைசி நாள் என்றால், அவர் சிறிய வாடிக்கையாளர் என்பதற்காக அது பின்னால் போகக் கூடாது.

வடிகட்டி மறைப்பவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கைவிட்டுப்போகும் வேலைகளில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது. முதலாவது, ஒன்றையொன்று சார்ந்த வேலைகள். நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கியது. சில நாள்களில் அதன் கணினி தானாக மீண்டும் மீண்டும் அணைந்து தொடங்க ஆரம்பித்தது. வானிலைத் தகவல் சேகரிக்கும் குறை முன்னுரிமை வேலை ஒன்று, பொதுவான ஒரு பூட்டைக் கையில் வைத்திருந்தது. தகவல் பாதையைக் கவனிக்கும் உயர் முன்னுரிமை வேலை அந்தப் பூட்டுக்காகக் காத்து நின்றது. நடு முன்னுரிமை வேலைகள் இடையே புகுந்து ஓடியதால் வானிலை வேலை முடியவே இல்லை, பூட்டும் விடுபடவில்லை. முக்கியமான வேலை குறித்த நேரத்தில் நடக்கவில்லை என்று கண்ட கண்காணிப்புக் கருவி கணினியையே திரும்பத் தொடங்கவைத்தது. உயர்ந்த வேலை ஒன்று காத்திருந்தால், அதைத் தடுத்து நிற்கும் வேலைக்கும் அதே உயர்வைத் தற்காலிகமாகக் கொடுக்கும் அமைப்பைப் பூமியிலிருந்தே இயக்கி அதைச் சரிசெய்தார்கள்.

அஸ்தம்பட்டி ஆடிட்டர் அலுவலகத்திலும் இது மாதாமாதம் நடக்கக் கூடியதே. 3பி உயர் முன்னுரிமை. அதற்கு முன் ஜிஎஸ்டிஆர்-1 போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே மாதத்து 3பியைத் தளம் ஏற்காது. அதற்கும் முன் கொள்முதல், விற்பனை பில்களைக் கணக்கில் ஏற்ற வேண்டும். பில் என்ட்ரியைச் சாதாரண வேலை என்று ‘குறை’யில் போட்டிருந்தால், உயர் மட்டும் காட்டும் வடிகட்டியில் அது தெரியாது. 19ஆம் தேதி 3பியைத் திறக்கும்போதுதான் பில் கட்டு பிரிக்கப்படாமலேயே இருப்பது தெரியவரும். மென்பொருளில் சார்பு இணைப்பு வசதி இருந்தால், ‘உயர் முன்னுரிமை வேலையைத் தடுப்பவை’ என்ற நிபந்தனையையும் வடிகட்டியில் சேர்க்க வேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால், முன்னதாக நடக்க வேண்டிய வேலைக்கும் பின்னதன் முன்னுரிமையையே கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது, நாள்பட்டுக் கிடப்பவை. எப்போதும் சிவப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் அலுவலகத்தில் குறை முன்னுரிமை வேலையின் முறை வரவே வராது. கணினி இயக்க முறைமைப் பாடத்தில் இதைப் பட்டினி என்றே சொல்கிறார்கள். எம்.ஐ.டி.யில் ஐபிஎம் 7094 கணினியை 1973இல் நிறுத்தியபோது, 1967இல் கொடுத்த ஒரு குறை முன்னுரிமை வேலை அதுவரை ஓடாமலே கிடந்ததாக ஒரு கதையை அந்தப் பாடநூல்கள் சொல்வதுண்டு. கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் கணினி படித்தவர்களுக்கு இதன் மருந்தும் தெரிந்திருக்கும்: காத்திருக்கும் காலம் கூடக்கூட முன்னுரிமையையும் கூட்டிக்கொண்டே போவது. டாஸ்க்வாரியர் என்ற கட்டற்ற மென்பொருள் இதை எண்ணாகவே கணக்கிடுகிறது. உயர் முன்னுரிமைக்கு 6.0, நடுவுக்கு 3.9, குறைக்கு 1.8 மதிப்பெண். கடைசி தேதி நெருங்கினால் 12.0 வரை சேரும். வேறொரு வேலையைத் தடுத்துக்கொண்டிருந்தால் 8.0, வேலை பழையதாக ஆக 2.0 வரை. தானே வேறொன்றுக்காகக் காத்திருந்தால் 5.0 குறையும். கூட்டுத்தொகையின்படி பட்டியல் அமையும். முன்னுரிமைக் குறிக்கு அதில் கடைசி தேதியின் பாதி எடைதான் இருக்கிறது என்பது கவனிக்கத் தக்கது. வெறும் குறியை நம்பும் வடிகட்டியைவிட இந்தக் கணக்கு நியாயமானது. எண் கணக்கு வேண்டாம் என்பவர்கள், ‘குறை முன்னுரிமை, உருவாகி முப்பது நாளுக்கு மேல்’ என்று ஒரு வடிகட்டி வைத்து, வாரம் ஒரு முறை திறந்தால் போதும். அதில் வருபவற்றில் சிலவற்றைச் செய்ய வேண்டியிருக்கும், பலவற்றை அழித்துவிடலாம்.

மூன்றாவது, குறியே இல்லாதவை. உயர், நடு, குறை மூன்றுக்கும் மூன்று வடிகட்டிகள் அமைத்துவிட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நினைப்பவர்களின் பட்டியலில், ‘எதுவுமில்லை’ நிலையில் உள்ள வேலைகள் எந்தத் திரையிலும் வருவதில்லை. மின்னஞ்சலிலிருந்து தானாகப் பதிவானவை, கைப்பேசியில் அவசரமாகச் சேர்த்தவை எல்லாம் இந்த வகைதான். நோட்டீஸ் ஒன்று அப்படிக் கிடந்தால் அதன் விலை அதிகம். நான்காவது வடிகட்டியாக இதையும் வைத்து, மாலை அலுவலகம் மூடும் முன் காலியாக்கிவிடுவது நல்லது.

வடிகட்டிகளை ஒவ்வொரு முறையும் புதிதாக அமைக்காமல் பெயரிட்டுச் சேமிக்கலாம். பெயரில் நிபந்தனை தெரிய வேண்டும். ‘முக்கியம்’ என்பதைவிட ‘உயர், 3 நாளுக்குள், முடியாதது’ என்பது பிறருக்கும் புரியும். வண்ணத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் சேர்ப்பது, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு உதவும். வடிகட்டி இயங்கிக்கொண்டிருப்பதை மறந்துவிட்டு வேலை குறைந்துவிட்டதாக எண்ணுவதும் நடக்கிறது. பட்டியல் திடீரெனச் சிறிதாகத் தெரிந்தால், திரையின் மேலே வடிகட்டிக் குறி நிறம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சேமித்த வடிகட்டியைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அலுவலகம் முழுவதற்கும் பகிரலாம். இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். தனிப்பட்ட வடிகட்டி, அமைத்தவரின் கணக்கோடு பிணைந்தது. அவர் வேலையை விட்டுப் போய்க் கணக்கு மூடப்பட்டால், அடுத்து வருபவருக்கு அது கிடைக்கும் என்ற உறுதி இல்லை. பகிர்ந்த வடிகட்டியும், எது உயர், எது நடு என்று எழுதி வைத்த அரைப் பக்க விதியும் இருந்தால், புதிதாகச் சேரும் ஜூனியர் முதல் நாளிலேயே சரியான வேலையைத் திறப்பார்.